ஏப்ரன் லீவருக்குள் ஒரு 6 மில்லி குண்டு: மூன்று நாளாக உள்ளே போகமாட்டேன் என்கிறது

1. பிறை_கடைசல் (பட்டர்வொர்த்) | சனி, இரவு 10.40

வணக்கம். இங்கே படித்துவிட்டு சத்தமில்லாமல் போகிற ஆள் நான். இன்று எழுத வைத்துவிட்டது ஒரு குண்டு.

போன வருடம் புக்கிட் மெர்தாஜாமில் பழைய மெஷின் விற்கும் கடை ஒன்றில் தைவான் பெஞ்ச் லேத்து (மேசையில் வைக்கும் கடைசல் மெஷின்) வாங்கினேன். பெயர்த்தகடு இல்லை. பச்சைப் பெயிண்டுக்கு மேல் பச்சைப் பெயிண்டாக மூன்று கோட்டாவது இருக்கும். ஓட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, வெட்டும் டூலைத் தானாக நகர வைக்கும் ஃபீட் லீவர் மட்டும் இறுகிக் கிடந்தது. நீளவாட்டு ஃபீட், நடுநிலை, குறுக்கு ஃபீட் என்று அதற்கு மூன்று நிலை. ஒவ்வொன்றிலும் 'டக்' என்று உட்கார வேண்டும். உட்காரவில்லை.

தைப்பூச விடுமுறையில் தண்ணீர்மலைக்குப் போய்விட்டு வந்த கையோடு, அந்த லீவர் இருக்கும் முன்பக்கப் பெட்டியான ஏப்ரனைக் கழற்றி மேசையில் கவிழ்த்தேன். டேப்பர் பின்னை (கூம்பு ஆணி) தட்டி எடுத்து, லீவர் ஷாஃப்டை இழுத்தேன். பாதி வந்ததும் 'ட்டிக்'. ஸ்பிரிங் வாஷிங் மெஷின் ஓரத்தில் கிடைத்தது. குண்டைக் காணவில்லை. போர்ச்சில் வேலை செய்கிறவன் நான், எதிரிலேயே லோங்காங் (சாக்கடை). அதற்குள்தான் போயிருக்கும்.

ஷாஃப்ட் 16 மி.மீ. அது போகும் துளையின் நடுவில், பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை. அதற்குள் ஸ்பிரிங், ஸ்பிரிங் மேல் குண்டு, குண்டு வந்து ஷாஃப்டில் உள்ள மூன்று குழிகளில் ஒன்றில் உட்கார வேண்டும். பழைய ஸ்பிரிங் துருப்பிடித்து லேசாக வளைந்திருந்ததால் ஹார்ட்வேர் கடையில் புது ஸ்பிரிங்கும் 6 மி.மீ. குண்டும் வாங்கி வந்தேன்.

குண்டை ஸ்க்ரூடிரைவரால் அமுக்கிப் பிடித்தால் ஷாஃப்ட் போக வழியில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்தால் குண்டு வெளியே குதிக்கிறது. மூன்று நாள் இதே கதை. 'இன்றைக்கும் அந்தக் குண்டுதானா' என்று மனைவி கேட்பதை நிறுத்திவிட்டாள், அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2. கூலிட்_ஞாயிறு (ஜார்ஜ்டவுன்) | சனி, இரவு 11.05

வழிக்கு முன்னால், கண்ணாடி போட்டீர்களா? நான் ஒரு முறை வெட்டும் டூலைப் பிடிக்கும் டூல் போஸ்டின் அடியில் இருக்கும் குண்டை வெறுங்கண்ணோடு எட்டிப் பார்த்தேன். அது புருவத்தில் பட்டது. அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் இப்போது இதை வேறு யாராவது படித்துக் காட்ட வேண்டியிருக்கும்.

இரண்டாவது, பெரிய கண்ணாடிப் பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்து, ஏப்ரனை அப்படியே அதற்குள் வையுங்கள். இரண்டு கையையும் உள்ளே விட்டு வேலை செய்யுங்கள். குதித்தாலும் பைக்குள்தான் குதிக்கும். வியர்த்து ஊற்றும், வேறு வழியில்லை. லோரோங் கூலிட் சந்தையில் வாங்கிய பழைய சாமான் ஒவ்வொன்றையும் இப்படித்தான் பிரிக்கிறேன், இதுவரை ஒரு குண்டும் தொலையவில்லை. தொலைந்ததெல்லாம் அதற்கு முன்னால்.

3. டூல்ரூம்_அக்கா (பாயான் லெப்பாஸ்) | ஞாயிறு, காலை 8.15

தம்பி, ஸ்க்ரூடிரைவர் இருக்க வேண்டிய இடமும் ஷாஃப்ட் இருக்க வேண்டிய இடமும் ஒன்றுதான். இரண்டு பேருக்கு ஒரு நாற்காலி. அதனால்தான் மூன்று நாள் போயிருக்கிறது. டம்மி ஷாஃப்ட் செய்துகொள்ளுங்கள்.

அதே 16 மி.மீ. விட்டத்தில் ஒரு துண்டு, ஷாஃப்ட் போகும் துளையின் நீளத்தைவிட ஒரு விரல் கூடுதலாக. ஒரு முனையைச் சுற்றிலும் கூம்பாக்க வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் சரிவு, கரும்பைச் சாய்த்து வெட்டியது போல. சரிவு நீளமாக, 20 மி.மீ. வரை இருக்கட்டும். முனை நாக்கு மாதிரி மெல்லிசாக இருக்க வேண்டும்.

குண்டை ஸ்பிரிங் மேல் வைத்ததும் அது துளைக்கு வெளியே நிறைய நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் எதை நுழைத்தாலும் பக்கவாட்டில் உருண்டு ஓடும். எனவே ஒரு முனையிலிருந்து ஸ்க்ரூடிரைவரால் குண்டை அமுக்குங்கள், பாதிக்கு மேல் துளைக்குள் போக வேண்டும். மறுமுனையிலிருந்து டம்மியின் நாக்கை, சரிவு குண்டைப் பார்க்கும்படி, குண்டின் தலைமேல் ஏற்றுங்கள். நாக்கு ஏறிவிட்டால் ஸ்க்ரூடிரைவரை உருவலாம். அப்புறம் டம்மியைத் தள்ளத் தள்ள குண்டு தானாக அடங்கும்.

இப்போது துளை முழுக்க டம்மி. அதன் வாலுக்குப் பின்னால் நிஜ ஷாஃப்டை வைத்து ஒரே தள்ளாகத் தள்ளுங்கள். டம்மி அந்தப் பக்கம் வெளியேறும், ஷாஃப்ட் அதன் இடத்துக்கு வரும், குண்டுக்கு எதுவும் தெரியாது.

டம்மியின் வால்முனை சதுரமாக இருக்க வேண்டும், ஓரம் தட்டக் கூடாது. உங்கள் ஷாஃப்டின் முனையில் எப்படியும் ஒரு சின்னச் சரிவு இருக்கும். வாலிலும் சரிவு வைத்தால் இரண்டும் சேரும் இடத்தில் ஒரு பள்ளம் உண்டாகி, குண்டு அதில் உட்கார்ந்துகொண்டு இரண்டையும் பிரித்துத் தள்ளும். ஒரு பக்கச் சரிவு மட்டும் என்றால் ஏறிக் கடந்துவிடும். அந்த இடத்தில் மட்டும் நிறுத்தி யோசிக்காதீர்கள்.

4. பிறை_கடைசல் | ஞாயிறு, காலை 9.02

அக்கா, ரொம்ப நன்றி. ஆனால் டம்மி கடைய லேத்து வேண்டும். லேத்துதான் மேசையில் கவிழ்ந்து கிடக்கிறது.

5. கூலிட்_ஞாயிறு | ஞாயிறு, காலை 9.10

இது நம் எல்லார் வீட்டுக் கதைதான் லா. லேத்தைச் சரிபண்ண இன்னொரு லேத்து வேண்டும், அதைச் சரிபண்ண மூன்றாவது. என் மாமனார் வீட்டில் இரண்டு நிற்கிறது. இரண்டும் ஓடவில்லை.

6. டூல்ரூம்_அக்கா | ஞாயிறு, காலை 9.40

கடைய வேண்டாம், வாங்குங்கள். சிஎன்சி (கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷின்), முப்பரிமாண பிரிண்டர் கட்டுகிறவர்கள் பயன்படுத்தும் லீனியர் ஷாஃப்ட் 16 மி.மீ. அளவில் கிடைக்கும், கேட்ட நீளத்துக்கு வெட்டித் தருவார்கள். வழக்கமாக எச்6 டாலரன்ஸ், அதாவது 16 மி.மீ.யில் 0 முதல் 0.011 மி.மீ. வரை குறைவு. உங்கள் துளையில் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் மேற்பரப்பு கெட்டிப்படுத்தியது, அரம் பிடிக்காது. சரிவை கிரைண்டரில்தான் உரசி எடுக்க வேண்டும்.

அவசரம் என்றால் எம்16 போல்ட்டில் மரை இல்லாத பகுதியை அறுத்து எடுங்கள். 16-க்குச் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும், டம்மிக்கு அது போதும். அதில் அரமும் பிடிக்கும்.

7. மைலோ_டின் (கிள்ளான்) | ஞாயிறு, மதியம் 1.30

இவ்வளவு தேவையா? மைலோ டின்னிலிருந்து ஒரு பட்டை வெட்டி, குண்டின் மேல் வைத்து அமுக்கி, பட்டையோடு ஷாஃப்டை நுழைத்து, கடைசியில் பட்டையை உருவிவிடலாம். மோட்டார்சைக்கிள் கியர்பாக்ஸில் இப்படித்தான் செய்வேன். ஐந்து நிமிட வேலை.

8. டூல்ரூம்_அக்கா | ஞாயிறு, மதியம் 2.05

நல்ல வழிதான், இடைவெளி இருக்கும் இடத்தில். ஷாஃப்டுக்கும் துளைக்கும் நடுவே எவ்வளவு தொய்வு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? தேயாத லேத்தில் 0.03, 0.05. மைலோ டின் தகரம் அதைப்போல் பல மடங்கு தடிமன். குளிர்பான அலுமினியக் கேனே சுமார் 0.1 மி.மீ. இருக்கும். ஷாஃப்ட் நுழையாது, நுழைந்தால் பட்டை திரும்ப வராது. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜில் 0.03 தாள் இருந்தால் முயன்று பார்க்கலாம், ஆனால் குண்டின் விளிம்பில் அது மடிந்து கிழியும். நான் இரண்டு தாளை அப்படி இழந்திருக்கிறேன்.

9. மைலோ_டின் | ஞாயிறு, மதியம் 2.20

சரி சரி. என் கியர்பாக்ஸ் அவ்வளவு தேய்ந்திருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது.

10. பிஜே_ஒன்பது_அங்குலம் (பெட்டாலிங் ஜெயா) | ஞாயிறு, மாலை 5.45

இழைக்குச் சற்று வெளியே போகிறேன், ஆனால் அதே நோய்தான். என்னிடம் இருப்பது 9 அங்குல சவுத் பெண்ட் லேத்து. அதில் ஸ்பிண்டிலின் (சுழலும் முக்கிய ஷாஃப்ட்) அடியில், பேரிங்குக்கு ஒன்றாக, ஸ்பிரிங் மேல் நிற்கும் ஃபெல்ட் திரி இருக்கிறது. கீழே உள்ள எண்ணெயை உறிஞ்சி மேலே ஸ்பிண்டிலைத் தொட்டுக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. ஸ்பிண்டிலைக் கழற்றியதும் இரண்டு திரியும் துளைக்குள் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அப்படியே ஸ்பிண்டிலைத் திரும்ப நுழைத்தால் அதன் விளிம்பு ஃபெல்ட்டைச் சீவிவிடும்.

வழி என்ன தெரியுமா? முன்பக்கத்து எண்ணெய்த் துளை வழியாக மெல்லிய கம்பி ஒன்றை விட்டு, ஃபெல்ட்டைக் கீழே அமுக்கி, கம்பியை அதன்மேல் குறுக்கே நிறுத்த வேண்டும். ஸ்பிண்டில் இடத்துக்கு வந்த பிறகு கம்பியை உருவினால் ஃபெல்ட் எழும்பித் தொடும். ஸ்பிரிங்குக்கு வேறு பாதையில் இருந்து ஒரு கை. நான் சைக்கிள் ஸ்போக்ஸ் பயன்படுத்தினேன். முதல் முறை ஒரு பக்கக் கம்பியை உருவ மறந்துவிட்டு எல்லாவற்றையும் முறுக்கி மூடிவிட்டேன். மோட்டாரைப் போடுவதற்கு முன் மேசையைத் துடைக்கும்போது கை ஸ்போக்ஸில் இடறியது. இடறாமல் இருந்திருந்தால் அந்தப் பேரிங் எண்ணெய் இல்லாமல் ஓடியிருக்கும்.

பிறை தம்பியின் ஏப்ரனில் அப்படி வேறு துளை ஏதும் இல்லையா?

11. பிறை_கடைசல் | ஞாயிறு, இரவு 8.30

இல்லை அண்ணே. வெளியே வழவழவென்று பெயிண்ட்தான். உள்ளிருந்து மட்டும்தான் வழி.

எம்16 போல்ட் கிடைத்தது. நாக்கு வடிவில் அரைத்தாகிவிட்டது. குண்டு எழும்பாமல் இருக்க கிரீஸை அப்பினேன், அது அரை மணி நேரத்தில் இளகிவிட்டது. மத்தியானம் போர்ச்சில் 33 டிகிரி.

12. செந்தூல்_பழசு (கோலாலம்பூர்) | ஞாயிறு, இரவு 9.15

கிரீஸ் டப்பாவை ஃபிரிட்ஜில் வையுங்கள் தம்பி. குண்டையும் கூடவே வையுங்கள். குளிர்ந்த கிரீஸ் கொஞ்ச நேரம் களிம்பு மாதிரி பிடிக்கும். அந்த நேரத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும். வீட்டில் சொல்லிவிட்டு வையுங்கள், கிரீஸைப் பார்த்து வேறு ஏதோ என்று நினைத்துவிடப் போகிறார்கள்.

தேங்காயெண்ணெய் உறையுமே, அதை ஊற்றலாமா என்று ஒரு பையன் என்னிடம் கேட்டான். அது 24 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும். நம் ஊரில் ராத்திரிகூட அதற்கு அதிகம் கீழே இறங்காது. கொடைக்கானலில் பட்டறை வைத்திருந்தால் யோசிக்கலாம்.

13. பிறை_கடைசல் | திங்கள், இரவு 10.50

தோல்வி அறிக்கை. கண்ணாடி, பிளாஸ்டிக் பை, ஃபிரிட்ஜ் கிரீஸ், போல்ட் டம்மி, எல்லாம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாக்கு குண்டின் மேல் ஏறுகிறது. சரிவு பாதி வரை போகிறது. அதற்கு மேல் நகரவில்லை. ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினேன், டம்மியின் நாக்கு வளைந்துவிட்டது. குண்டு ஏறக்குறைய 2 மில்லி வெளியே நிற்கிறது, அதற்குக் கீழே இறங்க மறுக்கிறது. துளையில் குப்பை இல்லை, கெரசின் விட்டுக் கழுவிவிட்டேன்.

14. டூல்ரூம்_அக்கா | செவ்வாய், காலை 7.20

தட்டாதீர்கள். துளையின் ஆழம் எவ்வளவு? புது ஸ்பிரிங்கின் கம்பி எத்தனை மில்லி, எத்தனை சுற்று? பழைய ஸ்பிரிங் இன்னும் இருந்தால் அதற்கும் சொல்லுங்கள்.

15. பிறை_கடைசல் | செவ்வாய், மதியம் 12.40

சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். ஆழம் 18 மி.மீ. (இதை அளக்கவே ஒரு பாடு. நேரான எதுவும் அந்தத் துளைக்குள் போகாது, 16 மில்லி துளைக்குள் திரும்ப இடம் எங்கே? கடைசியில் சால்டரிங் ஈயக் கம்பியை வளைத்து வளைத்து உள்ளே விட்டு, அடி தட்டியதும் நகத்தால் அடையாளம் வைத்து, உருவி நிமிர்த்தி அளந்தேன்.)

புது ஸ்பிரிங்: கம்பி 1.0, சுற்று 14. பழையது: கம்பி 0.8, சுற்று 12.

16. டூல்ரூம்_அக்கா | செவ்வாய், மதியம் 12.58

கிடைத்துவிட்டது. ஸ்பிரிங்கை எவ்வளவு அமுக்கினாலும் கம்பியோடு கம்பி முட்டியதும் நின்றுவிடும், அதற்குப் பிறகு அது வெறும் இரும்புக் குழாய். அந்த நீளம் ஏறக்குறைய கம்பித் தடிமன் பெருக்கல் சுற்று.

புதுசு: 1.0 × 14 = 14 மி.மீ. குண்டு 6. மொத்தம் 20. உங்கள் துளை 18. மிச்சம் 2 மில்லி வெளியே. நீங்கள் சொன்ன அதே 2.

பழசு: 0.8 × 12 = 9.6. குண்டு 6. மொத்தம் 15.6. இரண்டேகால் மில்லிக்கு மேலேயே இடம் இருக்கிறது.

டம்மியோ கிரீஸோ தங்கமோ எதை வைத்தாலும் அந்தப் புது ஸ்பிரிங்கோடு ஷாஃப்ட் போகாது. தப்பித் தவறிப் போயிருந்தாலும் லீவரைத் திருப்ப இரண்டு ஆள் வேண்டும். சுருளின் அகலமும் சுற்றும் ஒன்றாகவே இருந்தாலும் 0.8 கம்பியிலிருந்து 1.0-க்கு மாறினால் விறைப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு ஆகும். கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறுகிற கணக்கு அது.

17. மைலோ_டின் | செவ்வாய், மதியம் 1.15

நாலு சுற்று வெட்டிவிட்டால்?

18. டூல்ரூம்_அக்கா | செவ்வாய், மதியம் 1.31

10 சுற்று, 10 மி.மீ., கணக்குப்படி உள்ளே போகும். ஆனால் சுற்று குறைந்தால் ஸ்பிரிங் இன்னும் விறைக்கும். வெட்டிய முனையும் கூராக நின்று துளையைச் சுரண்டும். அதைப் படுக்க வைக்கிறேன் என்று டார்ச் பிடித்தால் அந்தச் சுற்றின் டெம்பர், அதாவது ஸ்பிரிங் குணம், போச்சு. 0.8 கம்பியில் புதிதாக ஒன்று தேடுங்கள். எங்கள் தொழிற்சாலையில் ஜிக் (வேலைத் துண்டைப் பிடித்து வைக்கும் சாதனம்) செய்யும்போது பெட்டி பெட்டியாக வாங்குவோம், ஆனால் ஒன்றே ஒன்று வேண்டும் என்றால் கடையில் கையை விட்டுத் துழாவத்தான் வேண்டும். வெர்னியரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். தவுக்கே (கடை முதலாளி) முறைத்தால் முறைக்கட்டும்.

19. செந்தூல்_பழசு | செவ்வாய், இரவு 8.40

அக்கா கணக்கு சரி. நான் வேறு ஒன்று கேட்கிறேன்.

தம்பி எழுதியதிலேயே இருக்கிறது பாருங்கள்: நேரான எதுவும் அந்தத் துளைக்குள் போகாது, திரும்ப இடமில்லை. சரி. அப்படியென்றால் அந்தத் துளையைப் போட்ட டிரில் பிட் எப்படிப் போனது? அது ஈயக் கம்பி மாதிரி வளைந்தா போனது?

செந்தூல் ரயில் பட்டறையில் நான் சேர்ந்த புதிதில், பிரிக்க முடியாத ஒரு சாமானோடு நின்றபோது என் மேஸ்திரி கேட்ட கேள்வி இது. 'செய்தவன் கை எந்தப் பக்கம் இருந்தது?' குறுக்குத் துளை என்றால் வெளியிலிருந்துதான் துளைத்திருக்க வேண்டும். இரண்டே வழி. ஒன்று, துளைக்கு நேர் எதிர்ச் சுவரைத் துளைத்து உள்ளே வந்திருப்பான். அப்படியானால் எதிர்ப்பக்கம் ஒரு துளை தெரியும். இல்லையென்றால் ஸ்பிரிங்கின் முதுகுப் பக்கத்திலிருந்தே துளைத்து, ஸ்பிரிங்கைப் போட்ட பிறகு மூடியிருப்பான்.

பார்க்க ஒரு வழி. பழைய ஸ்பிரிங் வளையும் அல்லவா? அதன் நுனியில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைக் கொஞ்சம் ஒட்டி, துளைக்குள் விட்டு, நன்றாக அமுக்கி, எடுத்துப் பாருங்கள். டிரில் நின்ற இடம் என்றால் களிமண் கூம்பாக வரும். வேறு மாதிரி வந்தால் எழுதுங்கள்.

20. பிறை_கடைசல் | செவ்வாய், இரவு 11.35

ஐயா! வட்டம்!

மகளின் களிமண்ணில் பச்சை நிறத்தைக் கேட்டு வாங்கி ஒட்டி அமுக்கினேன். கூம்பு இல்லை. நடுவில் சின்ன மோதிரம் மாதிரி அழகான வட்டப் பதிவு, சுமார் 5 மில்லி. எதிர்ச் சுவரில் துளை எதுவும் இல்லை. என்ன அது?

21. டூல்ரூம்_அக்கா | செவ்வாய், இரவு 11.41

அட. தலை இல்லாத ஸ்க்ரூ இருக்கிறதே, அந்தக் கிரப் ஸ்க்ரூவின் முனை. கப் பாயின்ட், கிண்ணம் போல் குழிந்த நுனி. முனை 5 என்றால் எம்8 ஆக இருக்கும். எனக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும், ஸ்பிரிங் கணக்கில் மூழ்கிவிட்டேன்.

தம்பி, துளைக்கு நேர் வெளியே, ஏப்ரனின் முகத்தில் பெயிண்டைச் சுரண்டுங்கள். இப்போது வேண்டாம், நாளைக்கு.

22. பிறை_கடைசல் | புதன், அதிகாலை 1.20

நாளை வரை யார் பொறுப்பது?

ஷாஃப்ட் துளையின் மையத்திலிருந்து அளந்து, வெளியே பென்சிலால் கோடு போட்டு, பழைய பிளேடால் சுரண்டினேன். பச்சை, அதற்குக் கீழே வேறொரு பச்சை, அதற்குக் கீழே சாம்பல், அதற்குக் கீழே காருக்கு அடிக்கிற மாதிரி புட்டி. புட்டி வட்டமாக உதிர்ந்தது. உள்ளே ஆறு மூலையும் தெரியாத அளவுக்குப் பெயிண்ட் அடைத்த கிரப் ஸ்க்ரூ.

ஸ்கிரைபரால் ஆறு மூலையையும் தோண்டிச் சுத்தம் பண்ணினேன். 4 மில்லி அலன் கீ பொருந்தியது. முதலில் அசையவில்லை. துரு எண்ணெய் விட்டு, முடி உலர்த்தும் மெஷினால் பத்து நிமிடம் சூடாக்கி, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் திருப்பிவிட்டுப் பிறகு தளர்த்தும் பக்கம் திருப்பினேன். 'கிரீச்' என்று வந்தது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

ஷாஃப்டை முதலில் வெறுமனே நுழைத்தேன். வெளியிலிருந்து குண்டைப் போட்டேன், பழைய ஸ்பிரிங்கைப் போட்டேன், கிரப் ஸ்க்ரூவைத் திருகினேன். டேப்பர் பின் உட்பட எல்லாம் சேர்த்து ஏழு நிமிடம். லீவர் 'டக், டக், டக்'.

லீவர் ஏன் இறுகியது என்றும் தெரிந்துவிட்டது. யாரோ கிரப் ஸ்க்ரூவை அடிவரை இறுக்கி, அதன்மேல் புட்டி பூசியிருக்கிறார்கள். அதைக் கால் சுற்றுத் தளர்த்தியிருந்தால் எனக்கு ஏப்ரனைக் கழற்றும் வேலையே இருந்திருக்காது.

23. கூலிட்_ஞாயிறு | புதன், காலை 7.05

அந்தப் புட்டி பூசிய மகராசன் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். பழைய மெஷின் கடைகளில் இது வழக்கம்தான், பள்ளம் கண்ட இடமெல்லாம் புட்டி, அதன்மேல் பச்சை. வாங்கியவனுக்கு வழவழப்பாகத் தெரிந்தால் போதும். என் டிரில் பிரஸ்ஸில் எண்ணெய் ஊற்றும் துளையையே அடைத்துப் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

24. செந்தூல்_பழசு | புதன், காலை 8.30

நல்லது தம்பி. கிரப் ஸ்க்ரூவை எந்த இடத்தில் நிறுத்தினீர்கள்? லீவர் மூன்று நிலையிலும் தானாக நழுவாமல் நிற்க வேண்டும், ஆனால் இரண்டு விரலால் மாற்ற முடிய வேண்டும். அந்த இடம் கிடைத்ததும் அதன் பின்னால் குட்டையான இன்னொரு கிரப் ஸ்க்ரூவைப் போட்டு முட்ட வையுங்கள். இல்லாவிட்டால் அதிர்வில் தளர்ந்து வரும். மரையில் இடம் போதவில்லை என்றால் நீல நிற திரெட்லாக்கர் (மரையைப் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம். உங்களுக்குப் பிறகு ஒருவன் கழற்ற வேண்டாமா?

துளை வாயைக் கிரீஸால் மூடுங்கள், புட்டியால் மூடாதீர்கள்.

25. மைலோ_டின் | புதன், காலை 10.12

ஸ்பிரிங்கும் குண்டும் ஒரே ஸ்க்ரூவுக்குள் அடைத்து எம்8 பால் பிளஞ்சர் என்று விற்கிறார்களே, அதையே திருகிவிட்டால் என்ன? தனிக்குண்டு தொல்லையே இருக்காது.

26. டூல்ரூம்_அக்கா | புதன், மதியம் 12.50

ஜிக்கில் நான் தினமும் பயன்படுத்துவது அதுதான். இங்கே இரண்டு சிக்கல். அதன் குண்டு எம்8 உடம்புக்குள் அடங்க வேண்டியிருப்பதால் சிறியது, வெளியே நீட்டும் அளவும் கொஞ்சம்தான். தம்பியின் ஷாஃப்டில் குழிகள் 6 மில்லி குண்டுக்காக வெட்டியவை, சிறிய குண்டு அதில் தொளதொளவென்று ஆடும். அடுத்தது, மரை வெளிப்பக்கம் மட்டும்தான். உள்ளே மிச்ச தூரம் 6 மில்லிச் சொச்சத்தில் வெறும் துளை. பிளஞ்சர் அதுவரை போய்ச் சேராது, மரையை உள்ளே வரை வெட்ட வேண்டும். ஓடுகிற ஏப்ரனில் அதை நான் செய்யமாட்டேன்.

27. பிஜே_ஒன்பது_அங்குலம் | புதன், மாலை 6.20

பிள்ளை பெற்றவளைவிட ஊருக்கு மகிழ்ச்சி என்பது போல எனக்கு இருக்கிறது. அலுவலகத்தில் களிமண் வட்டத்தை எல்லாருக்கும் விளக்கினேன். யாருக்கும் புரியவில்லை.

28. மைலோ_டின் | புதன், இரவு 9.30

இப்போது என் முறை. பழைய இங்கிலாந்து லேத்து ஒன்று வைத்திருக்கிறேன், இதே மாதிரி குண்டு. பெரியவர் சொன்னபடி களிமண் விட்டுப் பார்த்தேன், கூம்பு வருகிறது. ஆனால் எதிர்ச் சுவரில் துளை இருக்கிறது, வெளிப்பக்கம் லீவரின் தகடு அதை மறைத்துக்கொண்டிருக்கிறது. அதாவது டிரில் அந்தப் பக்கமாக வந்திருக்கிறது. குண்டை எப்படிப் போடுவது?

29. செந்தூல்_பழசு | புதன், இரவு 9.55

தகட்டைக் கழற்றுங்கள். ஸ்பிரிங், குண்டு இரண்டையும் அந்தத் துளை வழியாகவே உள்ளே விடுங்கள். அதே துளை வழியாக ஒரு நேர் கம்பியை விட்டு குண்டைக் கீழே அமுக்குங்கள். உங்களுக்கு அக்காவின் டம்மியும் வேண்டும். நாக்கின் நடுவே கம்பி போகும் அளவுக்கு ஒரு வெட்டு, கவட்டை மாதிரி. கவட்டை கம்பியின் இரண்டு பக்கமும் போய் குண்டின் மேல் ஏறியதும் கம்பியை உருவுங்கள்.

30. பிறை_கடைசல் | புதன், இரவு 10.15

மைலோ அண்ணே, அக்கா சொன்ன லீனியர் ஷாஃப்ட் 16 மில்லியை ஞாயிறன்றே ஆன்லைனில் ஆர்டர் போட்டிருந்தேன், இன்று வந்து சேர்ந்தது. எனக்கு இனி அது எதற்கு? தபாலில் அனுப்பட்டுமா?

31. மைலோ_டின் | புதன், இரவு 10.22

நன்றி தம்பி. ஆனால் என்னுடையது 5/8 அங்குலம். 15.875 மி.மீ. உங்கள் 16 அதில் நுழையாது.

32. பிறை_கடைசல் | புதன், இரவு 10.26

லேத்துதான் இப்போது ஓடுகிறதே, 15.85-க்குக் கடைந்து அனுப்புகிறேன்.

33. டூல்ரூம்_அக்கா | புதன், இரவு 10.31

தம்பி, அது கெட்டிப்படுத்திய ஷாஃப்ட். டூல் முனைதான் தேயும்.

34. பிறை_கடைசல் | புதன், இரவு 10.34

ஆமாம், மறந்துவிட்டேன். அண்ணே, மைல்ட் ஸ்டீல் துண்டு ஒன்று கிடக்கிறது, அதில் கடைகிறேன். நீளம் எவ்வளவு, கவட்டை எத்தனை மில்லி வேண்டும்?

35. மைலோ_டின் | புதன், இரவு 10.40

நீளம் 75. கவட்டை 3. அவசரமில்லை, என் குண்டு பத்திரமாக மைலோ டின்னில் இருக்கிறது.